ரெசின் பொம்மை தேய்க்கும் தூசி: காட்பாடித் தம்பிக்கு ஒரு பதில்

காட்பாடியில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. 1806 வேலூர்ப் புரட்சியை ஒரு மேசை அளவுக்குச் செய்து வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. 54 மில்லிமீட்டர் உயரச் சிப்பாய் பொம்மைகள். பாதி கடையில் வாங்கிய ரெசின் (திரவமாக ஊற்றி இறுக வைக்கும் பிளாஸ்டிக் மாதிரிப் பொருள்) வார்ப்பு, பாதி நண்பர் முப்பரிமாண ரெசின் பிரிண்டரில் எடுத்துக் கொடுத்தது. வேலை முடிந்து வந்து ராத்திரி உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்க்கிறார். அரை மணி நேரத்தில் தொண்டை அரிக்கிறது. காலையில் பார்த்தால் மேசை, தலையணை, ஃபேன் இறக்கை எல்லாவற்றிலும் வெள்ளைப் படலம். நண்பர்களில் ஒருவர் "அது விஷம், கேன்சர் வரும், விட்டுவிடு" என்கிறாராம். இன்னொருவர் "ஒரு மாஸ்க் மாட்டினால் முடிந்தது" என்கிறாராம். யார் சொல்வதைக் கேட்பது, பால்கனிகூட இல்லாத அறையில் எப்படித் தேய்ப்பது என்கிறார்.

தம்பி, ரெண்டு பேர் பேச்சையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நான் பல் செட்டு செய்யும் லேபில் 19 வருஷமாக வேலை பார்க்கிறேன். பல் செட்டின் ஈறு பாகம் அக்ரிலிக், அதுவும் ஒரு வகை ரெசின்தான். அச்சிலிருந்து எடுத்ததும் மைக்ரோ மோட்டாரால் டிரிம் செய்வோம், அப்புறம் ப்யூமிஸ் கல்பொடி போட்டுப் பாலிஷ். ரெசினைத் தேய்ப்பதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். ஞாயிற்றுக்கிழமையானால் அதே கையோடு பொம்மை தேய்க்க உட்காருவேன், அது வேறு கதை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் டிரிம் செய்தேன். அப்போது இருந்த லேபில் தூசி உறிஞ்சும் மெஷின் கிடையாது. வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் ரோஸ் நிறம். ஈறு நிறத்தில் செய்யும் அக்ரிலிக் அல்லவா, அந்த ரோஸ். நிறம் இருந்ததால் எனக்குத் தெரிந்தது. உங்கள் ரெசின் வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருப்பதால் உள்ளே போவது உங்களுக்குத் தெரிவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முதலில் உறுத்தியது தொண்டை அரிப்பு அல்ல, ஃபேன் இறக்கை. தேய்க்கிற அரை மணி நேரத்தைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். தேய்த்து முடித்து, மாஸ்க்கைக் கழற்றி, மேசையை "ஃபூ" என்று ஊதி, துடைப்பத்தால் கூட்டி, ஃபேனைப் போட்டுப் படுக்கிறோமே, அங்கேதான் சங்கதி இருக்கிறது. மேலே உட்கார்ந்த தூசி ராத்திரி முழுக்க உங்கள் தலைக்கு மேலே சுற்றுகிறது. எட்டு மணி நேரம் அதே காற்றைத்தான் இழுக்கிறீர்கள்.

இதில் கொஞ்சம் கணக்கு பார்க்கலாம். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). மேசையில் கண்ணுக்குத் தெரிகிற பொடி பெரும்பாலும் அந்தப் பக்கத்து அளவு. அது மூக்கிலும் தொண்டையிலும் மாட்டிக்கொள்ளும், தும்மலிலும் சளியிலும் வெளியே வந்துவிடும். நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகக்கூடியது 4 மைக்ரானுக்குக் கீழே உள்ள துகள். அது கண்ணுக்கே தெரியாது. அசையாத காற்றில் 10 மைக்ரான் துகள் ஒரு மீட்டர் கீழே இறங்க ஐந்தாறு நிமிஷம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு அதே ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 8 மணி நேரம். காற்றே அசையாத அறையில்தான் இந்தக் கணக்கு. வேலூர் மே மாசத்தில் ஃபேன் போடாத அறை எங்கே இருக்கிறது? ஆக, அது இறங்குவதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கத் தொழிலிட விதியில், தனி விஷத்தன்மை என்று வகைப்படுத்தாத சாதாரணத் தூசிக்கே ஒரு வரம்பு உண்டு. எட்டு மணி நேரச் சராசரியில், ஒரு கனமீட்டர் காற்றில் மொத்தத் தூசி 15 மில்லிகிராம், நுரையீரல் ஆழம் வரை போகும் நுண்தூசி 5 மில்லிகிராம். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்றால் சுமார் 28 கனமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 140 மில்லிகிராம் நுண்தூசி மிதந்தாலே அந்த வரம்பு வந்துவிடுகிறது. ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. நீங்கள் தேய்ப்பது எல்லாமே அவ்வளவு நுண்ணியதாக இருக்காது, நாள் முழுக்கவும் தேய்க்கப் போவதில்லை, உண்மைதான். ஆனாலும் மூடிய சின்ன அறைக்கு எவ்வளவு கொஞ்சம் போதும் என்பது புரியும்.

சரி, விஷமா இல்லையா? கடையில் வாங்கிய வார்ப்பு பெரும்பாலும் பாலியூரிதேன் ரெசின். ரெண்டு பாட்டில் திரவத்தைக் கலந்து அச்சில் ஊற்றுவது. அதில் ஒரு பாட்டிலில் இருக்கும் ஐசோசயனேட்தான் பொல்லாதது, ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். ஆனால் கலந்து, இறுகி, பொம்மையாக உங்கள் கைக்கு வருவதற்குள் அது வினைபுரிந்து ரெசினோடு கட்டுண்டு போயிருக்கும். ஆகவே இறுகிய பாலியூரிதேன் தூள் பாட்டிலில் இருந்த திரவம்போல ஆபத்தானதல்ல. புற்றுநோய் என்று உங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் வரவழைப்பவை என்று முதல் பிரிவில் வைத்திருக்கும் தூசிகளில் மரத்தூள் இருக்கிறது, படிகச் சிலிகா இருக்கிறது, தோல் தூளும் இருக்கிறது. ஆமாம், ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோலை பஃபிங் செய்யும்போது பறக்கிறதே, அந்த வகைத் தூள்தான். இறுகிய பாலியூரிதேன் தூள் அந்தப் பிரிவில் இல்லை. நம் வட்டாரத்துப் பிழைப்பில் பாதி அந்தத் தூளில் ஓடும்போது ரெசின் பொம்மையை மட்டும் கேன்சர் என்பது எனக்குக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

அதற்காக அது கோதுமை மாவும் அல்ல (கோதுமை மாவே பேக்கரிக்காரர்களுக்கு ஆஸ்துமா தரும் என்பது தனி விஷயம்). ரெசினோடு என்ன கலந்திருக்கிறார்கள் என்பது முக்கியம். எடைக்கும் விலைக்கும் டால்க் கலப்பார்கள். லேசாக இருக்கட்டும் என்று கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிக் குமிழிகள் கலப்பார்கள். வெண்கலம்போல் தெரிய உலோகப் பொடி கலப்பார்கள். இடுக்கு அடைக்க நாம் போடும் எபாக்ஸி பட்டியிலும் கனிமப் பொடி இருக்கும். தேய்த்தால் எல்லாமும் சேர்ந்துதான் பறக்கும். எது கலந்திருக்கிறது என்று பெட்டியில் எழுதியிருக்க மாட்டார்கள், அதனால் எல்லா ரெசினையும் ஒரே மரியாதையோடு நடத்துங்கள்.

இனி வழி. தூசி பறந்த பிறகு அதைப் பிடிக்க ஆயிரம் ரூபாய் செலவு செய்யலாம். பறக்கவே விடாமல் இருக்க அரை லிட்டர் தண்ணீர் போதும். தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் ஊரைக் கேலி பேசுவார்கள், ஆனாலும் அரை லிட்டருக்குப் பஞ்சம் வந்துவிடாது.

டிங்கரிங் பட்டறையில் கார் பெயின்ட் அடிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். பட்டி வைத்துக் காய்ந்ததும் ஒரு கையில் மக், ஒரு கையில் கறுப்பு வாட்டர் பேப்பர். தண்ணீரை ஊற்றிக்கொண்டே தேய்ப்பார். கீழே பால்போல் ஓடும், மேலே ஒரு பொட்டுத் தூசி பறக்காது. அதே வாட்டர் பேப்பரைத்தான் நீங்களும் வாங்க வேண்டும். உங்களிடம் இருக்கும் மரவேலை உப்புத்தாள் தண்ணீர் பட்டால் ஊறிப் பிய்ந்துவிடும், அது வேண்டாம். லாங் பஜார் பக்கம் எந்த ஹார்டுவேர் கடையிலும் பெயின்ட் கடையிலும் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் கொடுப்பார்கள். 320, 400, 600, 1000 என்று நாலு நம்பரில் ஒவ்வொரு தாள் வாங்கினால் பொம்மைக்கு மாசக்கணக்கில் வரும்.

நான் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். தாளை விரல் அகலத்துக்குக் கீற்றாக வெட்டிக்கொள்வேன். சிலதை ஐஸ் குச்சியில் ஒட்டி வைப்பேன், தட்டையான இடத்துக்கு. சிலதை அப்படியே நாலாக மடித்துக்கொள்வேன், துணி மடிப்பு, கை இடுக்கு போன்ற இடத்துக்கு. அகலமான எவர்சில்வர் பேசினில் மூணு விரல் ஆழத்துக்குத் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் சோப்பு ரெண்டு சொட்டு. சோப்பு இருந்தால் தாள் வழுக்கிக்கொண்டு ஓடும், அடைக்காது. தாளைப் பத்து நிமிஷம் அதில் ஊறப் போடுங்கள். பொம்மையைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துத் தேய்க்கலாம், அல்லது தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு விரற்கடை தூக்கி, ஏழெட்டு இழுப்புக்கு ஒரு தடவை முக்கி எடுக்கலாம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: தேய்க்கிற இடம் காயவே கூடாது. நம் ஊர் வெயில் நாளில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் அரை நிமிஷத்தில் காய்ந்துவிடும். விரலில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் நீங்கள் மறுபடி உலர் தேய்ப்புக்குப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம்.

இன்னொரு லாபமும் உண்டு. ஈரத்தில் தேய்த்தால் கீறல் சின்னதாகும், தாள் சீக்கிரம் அடையாது, பெயின்ட் அடிக்கும்போது முகம் வழவழவென்று வரும். வார்ப்பில் ஒட்டியிருக்கும் அச்சு எண்ணெயும் சோப்புத் தண்ணீரில் கழுவிப் போய்விடும். எண்ணெயோடு விட்டால், பெயின்ட்டுக்கு முன்னால் அடிக்கும் பிரைமர் பூச்சு பிடிக்காமல் உரியும். பாதுகாப்புக்காகச் செய்யச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, ஃபினிஷ் நன்றாக வரும் என்று சொன்னால் மறுநாளே செய்கிறார்கள். எங்கள் லேபில் வந்து சேரும் பையன்களிடமும் இப்படித்தான் சொல்வேன்.

உட்காரும் இடம்? பால்கனி இல்லை என்று வருத்தப்பட வேண்டாம், பாத்ரூம் இருக்கிறதே. நம் வீட்டு பாத்ரூம்போல வசதியான சாண்டிங் அறை வேறு எங்கும் கிடையாது. தரை முழுக்க ஈரம் படலாம், சுவரில் டைல்ஸ், மேலே ஒரு ஜன்னல் ஓட்டை, முடிந்ததும் ஒரு மக் தண்ணீர் அடித்தால் சுத்தம். ஒரு முக்காலி போட்டு, கதவைச் சாத்தி, பேசினை மடிமேலோ வாளிமேலோ வைத்து உட்காருங்கள். மடியில் ஒரு பழைய ஈரத் துண்டு. ஃபேன் கிடையாது, வியர்க்கும், இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளியே வாருங்கள். படுக்கை இருக்கும் அறைக்குள் தூசி வராது என்பதற்கு ஈடாக இந்த வியர்வையை நான் ஒத்துக்கொள்வேன். கிளம்பும்போது சட்டையை அங்கேயே கழற்றி அலசிப் போட்டுவிடுங்கள். பாலியஸ்டர் சட்டை நிலைமின்சாரத்தில் தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பருத்தி பனியன் போதும். டீ டம்ளரை உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

தேய்ப்பதையே குறைக்கவும் வழி இருக்கிறது. வார்க்கும்போது பொம்மையோடு ஒட்டி வரும் காம்பைக் கட்டரால் ஒட்ட வெட்டுங்கள், மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள், கடைசித் தழும்புக்கு மட்டும் தாள். சீவினால் சுருள் விழும், தேய்த்தால்தான் தூசி. அச்சு ரெண்டும் சேரும் கோட்டைப் பெரும்பாலும் கத்தி முனையைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டியே எடுத்துவிடலாம். நம் ஊரில் இதற்கு ஒரு சௌகரியம், சர்ஜிக்கல் பிளேடு எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும். 3-ஆம் நம்பர் பிடி, அதில் 11-ஆம் நம்பர் பிளேடு கூர்முனைக்கு, 15-ஆம் நம்பர் வளைவுக்கு. கத்தி உங்கள் கட்டை விரலை நோக்கி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது தோலுக்கென்றே செய்த கத்தி. தலைப்பாகையில் செருகியிருக்கும் தோல் சின்னம் தேய்க்கும்போது உடைந்துபோகிறது என்று எழுதியிருந்தீர்களே, அதைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். பிளேடின் முதுகால் ரெண்டு தடவை வருடினாலே கோடு போய்விடும். அந்தச் சின்னத்துக்காகத்தானே அவ்வளவு கலகமும் நடந்தது, அது இல்லாமல் சிப்பாயை நிறுத்த முடியாது. வளைந்து வந்திருக்கும் துப்பாக்கிக்கும் உப்புத்தாள் வேண்டாம். கொதிக்கவிட்டு இறக்கிய வெந்நீரில் ஒரு நிமிஷம் போட்டு நிமிர்த்தி, பச்சைத் தண்ணீரில் முக்கினால் நேராக நிற்கும்.

மினி டிரில், ரோட்டரி டூல் என்று வாங்கி வைத்திருந்தால் அதை எடுத்து உள்ளே வையுங்கள். சில டூல்கள் நிமிஷத்துக்கு 35,000 சுற்று வரை ஓடும். அந்த வேகத்தில் தூள் கையால் தேய்ப்பதைவிட நுண்ணியதாகவும் நிறையவும் வரும், அறை முழுக்கத் தெறிக்கும், ரெசினும் சூடேறும். சூட்டில் கருகினால் வெறும் தூசி என்பதைத் தாண்டி வேறு வாயுக்கள் வர ஆரம்பிக்கும். கருகல் வாசனை வந்தால் அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும். நாங்கள் லேபில் மோட்டார் ஓட்டுகிறோம் என்றால் எதிரிலேயே உறிஞ்சும் வாய் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, மாஸ்க் இருக்கிறது. உங்கள் அறையில் அவை இல்லை. 54 மில்லிமீட்டர் பொம்மைக்கு மோட்டார் தேவைப்படும் இடம் எனக்குத் தெரிந்து துளை போடுவது ஒன்றுதான், அதற்குக் கையால் திருகும் பின் வைஸ் போதும்.

இப்போது மாஸ்க். கடைசியில் சொல்கிறேன் என்றால் வேண்டாம் என்று இல்லை, மற்றது எல்லாம் செய்த பிறகு மீந்ததைப் பிடிக்கத்தான் அது. துணி மாஸ்க்கும், காதில் மாட்டும் நீல சர்ஜிக்கல் மாஸ்க்கும் இதற்கு உதவாது. அவை எதிரில் இருப்பவருக்கு நம் எச்சில் தெறிக்காமல் இருக்கச் செய்தவை, கன்னத்து ஓரமெல்லாம் திறந்தே இருக்கும். N95 அல்லது நம் நாட்டு ஐ.எஸ். 9473 தரத்தில் FFP2 என்று அச்சிட்டது வேண்டும். N95 என்றால் 0.3 மைக்ரான் அளவுத் துகளில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும். ஏன் 0.3 என்றால், பிடிக்க இருப்பதிலேயே கஷ்டமான அளவு ஏறக்குறைய அதுதான். அதைவிடப் பெரியது நேரே போய் இழையில் மோதிக்கொள்ளும். அதைவிடச் சின்னது அங்குமிங்கும் தள்ளாடி இழையில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் இருப்பதுதான் நழுவும்.

அந்த இழைக்கு ஒரு மின்னேற்றம் கொடுத்திருப்பார்கள், அதுதான் தூசியை இழுக்கிறது. சோப்புப் போட்டுத் துவைத்தாலோ ஆல்கஹால் தெளித்தாலோ அந்த ஏற்றம் போய்விடும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், வேலை செய்யாது. வியர்வையில் நனைந்து தொய்ந்தாலோ, மூச்சு இழுக்கக் கஷ்டமானாலோ தூக்கிப் போடுங்கள். முன்னால் வால்வு வைத்தது தூசிக்குப் பரவாயில்லை, வெளிவிடும் சூட்டுக்காற்று சீக்கிரம் போய்விடும், நம் வெயிலுக்கு அதுவே இதம். வாரம் தவறாமல் தேய்ப்பவர் என்றால், ஃபில்டர் மட்டும் மாற்றும் ரப்பர் அரைமுகக் கவசம் ஒன்று வாங்குவது கடைசியில் லாபம். அதில் P100 ஃபில்டர் மாட்டினால் 99.97 சதவீதம் வரை தடுக்கும்.

மாட்டியதும் ரெண்டு கையாலும் மூடி வேகமாக மூச்சு விடுங்கள். மூக்கோரம் காற்று கண்ணில் அடித்தால், கண்ணாடி ஆவி படிந்தால், கம்பியை இன்னும் அழுத்த வேண்டும். அப்புறம் தாடி. தாடி வைத்திருந்தால் விளிம்பு தோலில் ஒட்டாது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஓரத்தால் தூசி போகும். சிப்பாய்களிடம் தாடியை எடு, நெற்றிக் குறியை அழி என்று 1806-இல் உத்தரவு போட்டு என்ன ஆயிற்று என்பது உங்களுக்கே தெரியும், அதனால் நான் உத்தரவு எதுவும் போடவில்லை. தாடி இருந்தால் தண்ணீரை இரட்டிப்பாக நம்புங்கள், உலர் தேய்ப்பு என்ற பேச்சே வேண்டாம்.

ஒன்று மறக்காதீர்கள்: தூசி மாஸ்க் வாசனையை நிறுத்தாது. திரவ ரெசின், தின்னர், ஸ்ப்ரே பிரைமர் இவற்றின் ஆவிக்கு ஆக்டிவேட்டட் கார்பன் வைத்த ஃபில்டர் வேறு, N95 அதற்கு ஒன்றும் செய்யாது.

நண்பர் பிரிண்டரில் எடுத்துக் கொடுத்த பொம்மைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், அங்கே விஷயம் மாறுகிறது. அது ஒளி பட்டு இறுகும் அக்ரிலேட் ரெசின். முழுக்க இறுகாத நிலையில் அது தோல் ஒவ்வாமையைக் கொண்டுவரும். இதில் எனக்கு அனுபவம் இருக்கிறது. பல் செட்டுக்கு அக்ரிலிக் பொடியைத் திரவ மோனோமரில் பிசைய வேண்டும். சேர்ந்த புதிதில் வெறும் கையால் பிசைந்தேன், முன்னால் இருந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். ரெண்டாவது வருஷம் விரல் நுனியெல்லாம் வெடித்துச் சிவந்து, தோசை பிய்க்க முடியாத அளவுக்கு எரிச்சல். தோல் டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: உடம்பு ஒரு தடவை இதைப் பகை என்று குறித்துக்கொண்டால் அப்புறம் துளி பட்டாலும் கிளம்பும். அப்படியேதான் ஆயிற்று. இன்று வரை மோனோமர் பக்கம் போனால் இடது ஆள்காட்டி விரல் முதலில் அரிக்கும்.

அதனால் பிரிண்ட் எடுத்த பொம்மையை வேகாத பதத்தில் தொடாதீர்கள். வேகாத என்று ஏன் சொல்கிறேன் என்றால் அது சமையல் மாதிரிதான். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் புறஊதா விளக்கிலோ வெயிலிலோ முழுக்க இறுக்க வேண்டும். வேலூர் வெயில் சும்மாதானே கிடக்கிறது, மொட்டை மாடியில் திருப்பித் திருப்பி வையுங்கள். ரொம்ப நேரம் விட்டால் மொறுமொறுவென்று ஆகி பொம்மையின் கத்தியும் கையும் உடையும். சரியாக இறுகியதா என்று தாளே சொல்லிவிடும்: தேய்க்கும்போது பால்போல் கரைந்தால் வெந்துவிட்டது, பிசுபிசுவென்று தாளில் அப்பிக்கொண்டால் வேகவில்லை, நிறுத்திவிட்டு மறுபடி வெயிலில் வையுங்கள். உள்ளே கூடாக எடுத்த பெரிய பொம்மை, குதிரை மாதிரி இருந்தால், வயிற்றுக்குள் பச்சை ரெசின் தேங்கியிருக்கலாம். துளை வழியாக வடித்துக் கழுவிய பிறகே அரத்தை வையுங்கள். கையுறை நைட்ரைல் போடுங்கள், ரப்பர் லேடெக்ஸ் இதற்குத் தாங்காது. நைட்ரைலும் கொஞ்ச நேரத்துக்குத்தான், ரெசினோ ஆல்கஹாலோ பட்டால் கழற்றிப் போட்டுப் புதுசு மாட்டுங்கள்.

தேய்த்த தண்ணீரை அப்படியே சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். பேசினை ராத்திரி முழுக்க ஆடாமல் வையுங்கள், மாவு அடியில் படிந்துவிடும். மேல் தண்ணீரை மெதுவாகச் சாய்த்து, அடிக் கூழைப் பழைய பேப்பரால் வழித்து, வெயிலில் காயவைத்து, பொட்டலமாகக் கட்டிக் குப்பையில் போடுங்கள். காயும் வரை மொட்டை மாடியில் காற்று அடிக்காத மூலையில் வையுங்கள், இல்லாவிட்டால் பிடித்த தூசி திரும்பப் பறக்கும். பிரிண்ட் பொம்மை கழுவிய ஆல்கஹால் வேறு, அதை எந்தக் குழாயிலும் ஊற்றக் கூடாது. அகலமான தட்டில், அடுப்பும் சிகரெட்டும் இல்லாத திறந்த இடத்தில் வெயிலில் வைத்தால் ரெசின் இறுகித் தங்கும்.

அறையில் ஏற்கெனவே படிந்திருப்பதற்கு: கூட்டாதீர்கள், ஊதாதீர்கள், டேபிள் ஃபேனைத் திருப்பி வெளியே தள்ளலாம் என்று பார்க்காதீர்கள். வீட்டு வாக்யூம் கிளீனரும் ஆகாது, முன்னால் உறிஞ்சியதில் நுண்ணியதைப் பின்னால் துப்பும். ஹெப்பா ஃபில்டர் உள்ளது என்றால் சரி. இல்லாவிட்டால் ஈரத்துணிதான். ஃபேனை அணைத்து, மாஸ்க் மாட்டிக்கொண்டு, மேலே இருந்து தொடங்குங்கள். இறக்கைக்குப் பழைய தலையணை உறையை ஈரமாக்கி உள்ளே நுழைத்து இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும், கட்டில்மேல் கொட்டாது. அப்புறம் அலமாரி மேற்புறம், ஜன்னல் கம்பி, மேசை, கடைசியில் தரை. துணியை அடிக்கடி அலசுங்கள். தலையணை உறையையும் போர்வையையும் உதறாமல் அப்படியே வாளியில் ஊறப் போடுங்கள். ஏ.சி. இருந்தால் அதன் வலையையும் கழுவ வேண்டும், அறைக் காற்றைத்தான் அதுவும் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது.

உறிஞ்சும் பெட்டி செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். பிளாஸ்டிக் டப்பாவைப் படுக்க வைத்து, பின்னால் கம்ப்யூட்டர் ஃபேன், அதற்கு முன்னால் கார் ஏ.சி. ஃபில்டர் என்று நானும் ஒன்று செய்தேன். பெரிய பொடியை நன்றாக இழுக்கிறது. நுண்ணியதை முழுக்கப் பிடிக்கிறது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, அதனால் அதில் காற்று வெளியேறும் வாயை ஜன்னலுக்கு வெளியே விட்டிருக்கிறேன். ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டு அடுப்படி இருந்தால் அதுவும் வேண்டாம். பேசின் இருக்கும்போது அது எனக்கு அதிகம் தேவைப்படுவதில்லை.

உங்கள் தொண்டை அரிப்பு உலர் தேய்ப்பை நிறுத்தி, அறையைத் துடைத்த ரெண்டு மூணு நாளில் போய்விட வேண்டும். போகாவிட்டால், அல்லது ராத்திரி இருமல், நெஞ்சில் விசில் சத்தம், மூச்சு இறுக்கம் என்று வந்தால், பொம்மையை மூட்டை கட்டிவிட்டு டாக்டரைப் பாருங்கள். தொழில் தூசியால் வரும் ஆஸ்துமாவில் ஒரு சூது உண்டு: சில சமயம் வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது, நாலைந்து மணி நேரம் கழித்துப் படுக்கும்போது தொடங்கும், அதனால் யாரும் தூசியைச் சந்தேகப்படுவதில்லை. சின்ன வயதில் வீசிங் இருந்தவர்கள் இன்னும் முன்ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நம் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை, ஆனால் போனால் "தூசி அலர்ஜி சார்" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். என்ன ரெசின், வாரத்தில் எத்தனை நாள், தேய்த்து எத்தனை மணி நேரம் கழித்து இருமல் வருகிறது, லீவு போட்டு ஊருக்குப் போன நாட்களில் குறைகிறதா என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். நண்பரிடம் சொல்லி அந்த ரெசின் பாட்டில் லேபிளையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.